எட்டு வீடு, ஒரு முற்றம்: கேள்வி பதில்

கட்டட வேலைத்தளங்களில் முப்பது வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்றவன் நான். பொது முற்றத்தைச் சுற்றி நெருக்கமாக வீடு கட்டுவது பற்றிச் சொன்னதும் திருகோணமலையின் நாலாபக்கமிருந்தும், கனடாவிலிருந்தும்கூடக் கேள்விகள் வந்திருக்கின்றன.

சாம்பல்தீவு: ஐயா, அப்பப்பாவின் காணி ஒரு ஏக்கர். சகோதரங்கள், மச்சான்மார் என்று எட்டுக் குடும்பம். சமமாகப் பிரித்துவிட்டால் சரிதானே?

பிரிக்கலாம் தம்பி, ஆனால் முற்றம் போய்விடும். ஒரு ஏக்கர் 160 பேர்ச். பாதைக்கு 32 விட்டால் ஆளுக்கு 16 பேர்ச். அது 66 அடிக்கு 66 அடி. சுற்றிவர 264 அடி மதில். பக்கத்து மதிலைப் பங்குபோட்டாலும் எவ்வளவு கல் போகும் என்று மேசனிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே காணியில் ஆளுக்கு 9 பேர்ச் எடுங்கள். எட்டு வீட்டுக்கும் 72, பாதைக்கும் வாகனத்துக்கும் 20, மிச்சம் 68 பேர்ச் பொது. 9 பேர்ச் என்பது ஏறத்தாழ 2,450 சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீடும் பின்வளவும் தாராளமாக அடங்கும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை இல்லை. கிழக்கில் தாய் வளவிலேயே மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் இளையவளுக்கு ஒரு வீடு என்று சீதனம் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு கிணறு, ஒரு முற்றம், இடையில் வேலி கிடையாது. டென்மார்க்கில் 1970களில் உறவில்லாத குடும்பங்கள் கூடி, பொதுச் சமையலறையும் வைத்து இப்படிக் குடியேறத் தொடங்கின. எங்களுக்கு உறவு ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் ஒன்று. குசினி முற்றத்தைப் பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு நான் வேலை செய்த ஒரு குடியிருப்பில் நடுவில் நல்ல நிலம் விட்டோம். வீடுகளின் முகமெல்லாம் தெருப்பக்கம். நடு நிலத்தைப் பார்த்தவை குளியலறை யன்னல்கள் மட்டும். இரண்டு மாரி போனபின் போய்ப் பார்த்தேன்: எருக்கலை, உடைந்த போத்தல், ஒரு பழைய மெத்தை. நாளுக்குப் பத்துத் தடவை கண் படாத நிலத்தை ஒருவரும் கூட்டுவதில்லை. அந்தப் பிளானில் என் கையொப்பமும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கிண்ணியா: பொது முற்றமென்றால் ஆம்பிளையள் வந்து போவாங்க. பொம்பிளையளுக்கு மறைவு வேணாமா?

கட்டாயம் வேணும் மகள். முன்விறாந்தை ஊருக்கு, பின்வளவு உங்களுக்கு. பின்வளவுக்கு மட்டும் ஆறடி மதில் கட்டுங்கள். குசினி யன்னலின் அடி நாலடி உயரத்தில் இருக்கட்டும், மரச்சலாகையை நெருக்கமாக அடியுங்கள். பகலில் உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. எதிர்வீட்டு வாசலுக்கு நேரே வாசல் வைக்காமல் ஓரமாகத் தள்ளுங்கள்.

முற்றத்தின் அளவும் முக்கியம். இந்தியக் கட்டடக் கலைஞர் சாள்ஸ் கொறியா 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் ஏழு வீட்டுக்கு நடுவில் 8 மீற்றருக்கு 8 மீற்றர் முற்றம்தான் விட்டார். அப்படி மூன்று சேர்ந்து 21 வீட்டுக்கு இன்னொரு முற்றம், 12க்கு 12. பெருத்த முற்றத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகும். 68 பேர்ச்சையும் ஒரே மைதானமாக விடாமல் நடுமுற்றம், கிணற்றடி, மரக்கறித் தோட்டம் என்று பிரியுங்கள்.

உப்புவெளி: கச்சான் காற்றுக் காலத்துச் சூட்டுக்கு என்ன செய்வது?

வீட்டின் நீளப்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கில் களஞ்சிய அறை, குளியலறை, வெளியே வேம்பு. கடலோரமென்றால் பூவரசு, உப்புக்காற்றைத் தாங்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்களுக்குக் கிட்டத்தான் கரையேறியது. கூரை மரத்தைச் சுவர் உச்சிக் கொங்கிறீற்றோடு இரும்புப்பட்டை வைத்துக் கட்ட மறக்காதீர்கள்.

நிலாவெளி: நெருக்கிக் கட்டினால் கிணற்றுத் தண்ணீர் கெடாதா?

எட்டு வளவில் எட்டுக் கிணறு, எட்டு மலசலகூடக் குழி என்றால்தான் கெடும். எங்கள் மணலில் அழுக்குத் தண்ணீர் வேகமாக ஓடும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது வேண்டும், தனித்தனி வளவில் அந்த இடைவெளி கிடைப்பது கஷ்டம். கூடிக் கட்டும்போது குழிகளைப் பள்ளமான ஒரு மூலைக்கும் கிணற்றை மேட்டுக்கும் கொண்டு போகலாம்.

மழைத்தண்ணீரையும் பிடியுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை 100 லீற்றர். சேதாரம் போக 80 என்று வைத்தாலும் 63 மில்லிமீற்றர் மழைக்கு 5,000 லீற்றர் தாங்கி நிறையும். மாரியின் முதல் மழையை மட்டும் கூரை கழுவ விட்டுவிடுங்கள்.

உங்கள் காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் எடுங்கள்.

கனடா: அண்ணா, பொதுக் காணி ஆருடைய பெயரில்? பிறகு சண்டை வருமே.

வரும். அதனால் அத்திவாரத்துக்கு முன்பே காணி உறுதியை எழுதுங்கள். நடு நிலத்தை எட்டுப் பேருக்கும் பிரிக்கப்படாத பங்கு என்று மட்டும் எழுதினால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் ஒரு பங்காளி தனியாகவே நீதிமன்றம் போய்ப் பிரித்துக் கேட்கலாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அதுதான் நடக்கும். உங்கள் பிளான் கூட்டாதனமாக, அதாவது வீடு தனித்தனியாகவும் பொது இடம் கூட்டாகவும் சொந்தமாகும்படி, பதியக்கூடியதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பதிந்தால் பொது இடத்தைப் பராமரிக்க ஒரு நிருவாக அமைப்பு சட்டப்படியே அமையும். நில அளவையாளர் படத்தில் முற்றம் தனித் துண்டாக, பேர்ச் கணக்கோடு இருக்க வேண்டும்.

உவர்மலை: வாகனம் வாசல் வரை வராவிட்டால் அம்மாவை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது?

வாகனத் தரிப்பு நுழைவாயிலோடு. உள்ளே பத்தடி அகலக் கல்பாதை போடுங்கள். அம்புலன்ஸும் காஸ் கொண்டுவரும் ஓட்டோவும் போகும், மற்ற நேரத்தில் அது பிள்ளைகளின் பாதை.

எங்கே எது வரவேண்டும் என்பதைக் குடியிருக்கப் போகிறவர்களிடமே கேளுங்கள். கண்டி வட்டபுலுவ வீடமைப்புக்கு 1950களில் கட்டடக் கலைஞர் மினற் டி சில்வா வீடு கேட்ட குடும்பங்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்துத்தான் படம் வரைந்தார். நீங்கள் ஒரு பின்னேரம் முளை அடித்து, கயிறு கட்டி, குசினி வரும் இடத்தில் அம்மாவைக் கதிரை போட்டு இருத்துங்கள். படலையடி தெரியுதா என்று கேளுங்கள். தெரியவில்லையென்றால் கயிற்றை மாற்றிக் கட்டுங்கள்.