தாத்தா பெயர் விஸ்வநாதன்

கேள்வி: பேரன் பிறந்திருக்கிறான். மறைந்த என் கணவர் பெயரான விஸ்வநாதனையே வைக்க ஆசை. 'அது அந்தக் காலத்துப் பெயர்' என்கிறான் மகன். என்ன சொல்லிப் புரியவைப்பது?
- ஒரு பாட்டி, தென்காசி

பதில்: காசி விஸ்வநாதர் கோபுரத்தைத் தினம் பார்க்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம் அம்மா. சாமி பெயர் என்று சொல்லி மகன் அசையாவிட்டால், பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் எஸ்டேட் முதலாளி பாலையாவின் பெயர் விஸ்வநாதன். வேலை போன ரவிச்சந்திரன் அவர் வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு, 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடுவார். எழுதியவர் கண்ணதாசன். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. தன் பெயரே பல்லவியில் வர, அதற்குத் தானே மெட்டுப் போட்டார் எம்.எஸ்.வி.!

எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கும் அதே பெயர். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டு வந்தால் போதும், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலுக்கு ஓடுவோம். கதவைத் திறந்து, ஆளுக்கொரு கை பொரிகடலை கொடுப்பார். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்தப் பொரிகடலை வாசனைதான்.

கச்சேரிப் பக்கம் வந்தால் புல்லாங்குழல் டி.விஸ்வநாதன். வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி.

கிரிக்கெட்டில், கடைசி 'ன்' இல்லாமல், கர்நாடகத்து குண்டப்பா விஸ்வநாத். 1975 ஜனவரி, சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட். திண்ணையில் டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்த்தார். இந்தியா எடுத்தது 190; அதில் 97 விஸ்வநாத் ஒருவரே அடித்தது. கடைசி ஆளாக வந்த சந்திரசேகர் அவுட் ஆனபோது மறுமுனையில் அவர் ஆட்டமிழக்காமல் நின்றார். சதத்துக்கு 3 ரன் பாக்கி. திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. ஆனாலும் அந்த 3 ரன் எனக்கு இன்னும் ஆறவில்லை. எத்தனையோ பேர் அடித்த சதங்களைவிட அந்த 97 பெரிது என்பேன்.

கேள்வி: குண்டப்பா விஸ்வநாத்தை 'விஷி' என்பார் அப்பா. செஸ் ஆனந்தையும் 'விஷி' என்கிறார்களே, எப்படி?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அங்கேதான் நம் பெயர் முறை வெளிநாட்டில் தடுமாறுகிறது. மயிலாடுதுறையில் 1969-ல் பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆனந்த். விஸ்வநாதன் என்பது அப்பா பெயர். நம் வழக்கப்படி வி.ஆனந்த். மேல்நாட்டிலோ முன்னால் வருவதுதான் சொந்தப் பெயர். அதனால் 'விஸ்வநாதன்' அவருடைய பெயராகி, 'விஷி' என்று சுருங்கிவிட்டது. ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவரை, பாசத்தோடுதான் என்றாலும், அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

என் மகள் வெளிநாடு போனபோதும் இதே கதை. விமான நிலைய கவுன்ட்டரில் என் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அப்பாவும் வந்துவிட்டாரோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாளாம்! போனில் அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. எனக்கும்தான்.

பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கும்போதே இனிஷியலை எப்படி விரித்து எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள். பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால் பிற்பாடு அலைய வேண்டிவரும்.

கேள்வி: இயக்குநர் விசுவின் முழுப் பெயர்?
- வாசகர், கடலூர்

பதில்: எம்.ஆர்.விஸ்வநாதன். 'சம்சாரம் அது மின்சாரம்' எடுத்தவரும் அந்தப் பெயர்க்காரர்தான்! தென்காசி அம்மா, இதையும் மகனிடம் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிட 'விசு' என்ற இரண்டெழுத்து போதும்.