வசம்பும் தேனும் வேண்டாம், கேழ்வரகை முளைகட்டுங்கள்

கேள்வி: எங்கள் பேத்திக்கு இரண்டு மாதம் ஆகிறது. மாலையானால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறாள். என் மாமியார் செய்ததுபோல் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவலாம் என்றால், மருமகள் விடுவதில்லை. என் பிள்ளைகள் மூவரும் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள். இயற்கையில் விளைந்த பொருள் எப்படிக் கெடுதல் செய்யும்? ஆறாம் மாதம் நான் அரைக்கும் சத்துமாவையும் அவள் தடுப்பாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, உங்கள் மருமகளுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, உங்களிடம் சொல்லத்தான் இருக்கிறது. இந்த இரண்டு பொருள்களிலும் அவர் செய்தது முழுக்கச் சரி.

முதலில் தேன். மண்ணிலும் தூசியிலும் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் கலந்திருக்கக்கூடும். வளர்ந்தவர் வயிற்றில் அவை முளைக்க இடமின்றி வெளியேறிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்ச வலுவின்மை, அழுகுரல் மெலிதல், கழுத்து துவளுதல் என்று படிப்படியாக முற்றி, மூச்சே தடைப்படலாம். இந்த நோய் 1976-இல்தான் மருத்துவ உலகில் தனியாக அடையாளம் காணப்பட்டது. ஆகவே உங்கள் மாமியாருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, அவர்மேல் குற்றமும் இல்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. மலைத்தேன் என்பதாலோ கொம்புத்தேன் என்பதாலோ இந்த ஆபத்து குறையாது. அடுப்பில் காய்ச்சினாலும் வித்துகள் சாவதில்லை. 12 மாதம் முடியும்வரை ஒரு சொட்டுத் தேனும் கூடாது.

அடுத்தது வசம்பு. அதன் எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்க அரசு 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அந்தப் பொருள் இந்திய வசம்பில்தான் மிகுதி. கல்லில் எத்தனை சுற்று இழைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதை எந்தப் பாட்டியும் அளந்து சொன்னதில்லை. அளவு தெரியாத மருந்தை ஐந்து கிலோ எடையுள்ள உடம்புக்குள் செலுத்த யாருக்கும் உரிமை கிடையாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் வசம்பு வளையலுக்கும் இதே பதில்தான்.

உங்கள் பிள்ளைகள் மூவருக்கும் அழுகை நின்றதே என்பீர்கள். இத்தகைய மாலை அழுகை பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்துக்கு ஏறி, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது வசம்பைத் தடவுகிறோம். காலம் ஆற்றியதற்கான பெயரை வசம்பு தட்டிச் செல்கிறது. பேத்தியைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடச் செய்யுங்கள், வெதுவெதுப்பான கையால் வயிற்றை வலமாக நீவிவிடுங்கள், களைத்துப்போன தாயிடமிருந்து ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இயற்கையில் விளைந்தது எப்படிக் கெடுதல் செய்யும் என்ற கேள்வி டர்பன் அடங்கிய நம் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசுலு-நேட்டாலில் வாழும் ஒருவரிடமிருந்து வந்தது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. இம்பிலா என்ற கிழங்கு இந்த மண்ணில் தானாக முளைப்பது. ஜூலு மக்களின் வீட்டு மருத்துவத்தில் தலைமுறைகளாகப் புழங்கியது. ஈரலையும் சிறுநீரகத்தையும் அழித்து, குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றது. அந்தச் சாவுகளை 1970-களில் டர்பன் மருத்துவர்களே பதிவு செய்தார்கள். செடியின் அடையாளம், அளவு, உண்பவரின் வயது ஆகிய மூன்றும் தெரியாதவரை எந்த வேரும் மருந்தாகாது.

அளவு தெரிந்த வீட்டு மருந்துக்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டுக் குழந்தைநலக் கையேட்டிலேயே இருக்கிறது. கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை 8 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. வயிற்றுப்போக்கின்போது சர்க்கரை தன்னோடு உப்பையும் நீரையும் குடற்சுவர் வழியாக உடம்புக்குள் இழுத்துச் செல்வதால் இந்தக் கரைசல் உயிர் காக்கிறது. உப்பைக் கைவாக்கில் அள்ளிப் போட்டால் அதுவே குழந்தைக்குக் கேடு. தாய்ப்பாலை மட்டுமே குடிக்கும் பேத்திக்கு வயிற்றுப்போக்கு கண்டால், பாலை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சத்துமாவைப் பற்றிய உங்கள் பயத்தை விட்டுவிடுங்கள். அங்கேதான் உங்கள் கை தேவைப்படுகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலி வேலைக்காக இங்கே வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களில் தங்கள் சமையலைக் கைவிடவில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கம் டர்பனில் இன்றும் நிற்கிறது. தானியத்தைப் பக்குவப்படுத்தும் அந்த அறிவு மெய்யானது, இன்றைய அறிவியலும் அதை ஒப்புக்கொள்கிறது.

கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஓரிரு நாளில் வெண்முளை கண்டதும் நல்ல வெயிலில் காயவைத்து, மிதமாகச் சூடேற்றி அரைத்துச் சலியுங்கள். கருக வறுக்கக் கூடாது. முளைக்கும்போது பிறக்கும் நொதி, கஞ்சி சூடேறுகையில் மாவுச்சத்தை உடைத்து அதை இளக்கிவிடுகிறது. எனவே அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்த்தும் குழந்தை விழுங்கும் பதம் கிடைக்கிறது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உடம்பில் சேராமல் தடுக்கும் ஃபைட்டேட்டும் முளைகட்டுவதால் குறைகிறது. நீர்த்த கஞ்சியாகப் பால்புட்டியில் ஊற்றாமல், கரண்டியில் நிற்கும் பதத்தில் ஊட்டுங்கள். ஒரு வயதுவரை உப்போ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம். கேழ்வரகு மட்டுமே போதாது. வேகவைத்து மசித்த பருப்பு, முட்டை, மீன் ஆகியவையும் ஆறாம் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

வேர்க்கடலை சேர்ப்பதானால், பூசணம் தட்டியதையும் சுருங்கியதையும் பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள அஃப்லடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. டர்பனின் கோடைப் புழுக்கத்தில் மாவு விரைவில் ஈரம் கோக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். கேழ்வரகு கிடைக்காத நாளில், ஜூலு மக்கள் மாபெலே என்னும் சோளத்தையும் அதே முறையில் முளைகட்டத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். சோளத்தின் முளையிலும் வேரிலும் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு, ஆகவே சோளத்தை முளைகட்டாமலேயே அரைத்து நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.