ஜோ மலோனின் 44 கோல்கள்

வணக்கம்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் முதல் சீசனான 1917-18ல் ஜோ மலோன் 20 ஆட்டங்களில் 44 கோல் அடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே சீசனில் அதிகக் கோல் அடித்த வெய்ன் கிரெட்ஸ்கியின் 92 கோலுக்கே 80 ஆட்டங்கள் தேவைப்பட்டன. அந்தக் காலத்தில் ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பது அவ்வளவு சுலபமா? அப்படியென்றால் அடுத்த சீசனில் மலோன் வெறும் 7 கோலோடு நின்றது ஏன்?
– கே.

அன்புள்ள கே.,

கோல்கீப்பரைத் தாண்டுவது சீசனின் தொடக்கத்தில் சுலபம்தான். லீக் தொடங்கியபோது அவர் பனியில் விழுந்தோ மண்டியிட்டோ தடுக்கக் கூடாது, விழுந்தால் தண்டனை. நின்றபடியே தடுத்த பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பெரும்பாலும் காலடியிலேயே கிடக்கும். பாய்ந்து அமுக்க வழியில்லை. பக்கத்தில் நிற்கும் முன்கள ஆட்டக்காரருக்கு அது இரண்டாவது வாய்ப்பு. ஆட்டவா அணியின் கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் தவறி விழுவதுபோல் விழுந்தே தடுத்துக்கொண்டிருந்தார். நடுவர்கள் எதை நடிப்பு என்பது? 1918 ஜனவரியில் லீக் அந்தத் தடையையே எடுத்துவிட்டது. ஆக, சீசனின் பெரும்பகுதியில் மலோன் எதிர்கொண்டது விழ உரிமை பெற்ற கோல்கீப்பர்களை.

மற்றபடி இன்றைவிடக் கடினம். அந்த சீசனில் முன்னோக்கிப் பாஸ் கொடுக்க முடியாது. தனக்கு முன்னால் நிற்பவருக்குத் தள்ளினால் ஆஃப்சைடு என்று ஆட்டம் நிறுத்தப்படும். பக்கவாட்டில் கொடுக்கலாம், பின்னால் கொடுக்கலாம், இல்லையென்றால் மட்டையிலேயே வைத்துக்கொண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நுழைய வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களும் குறைவு. ஒல்லியான மலோன் மோதித் தள்ளுகிறவர் அல்ல, நழுவிப் போகிறவர். ‘ஃபேன்டம்’ (மாய உருவம்) என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவருடைய பழைய அணியான க்யூபெக் அந்த ஆண்டு களமிறங்காததால் அவர் மான்ட்ரியால் கனேடியன்ஸுக்குப் போனார். அங்கே முன்கள வரிசையின் நடுவிடம் நியூஸி லலோண்டுக்கு. மலோன் இடது ஓரத்துக்கு (விங்) நகர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே ஆட்டவாவுக்கு எதிராக 5 கோல்.

1918-19 சரிவே அல்ல. க்யூபெக் நகரில் நல்ல வேலை கிடைத்தது. ஹாக்கிச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம். மான்ட்ரியாலில் நடந்த ஆட்டங்களுக்கு மட்டும் வந்து போனார்: 8 ஆட்டங்களில் 7 கோல்.

என்னைக் கேட்டால் 44ஐ விடப் பெரிய சாதனை 1919-20ல் அவர் அடித்த 39. மீண்டும் களமிறங்கிய க்யூபெக் 24 ஆட்டங்களில் நாலே நாலில் வென்றது. வாங்கிய கோல் 177, அடித்தது 91. அந்த 91ல் 39 மலோனுடையது. 1920 ஜனவரி 31 அன்று டொரான்டோவுக்கு எதிராக 7 கோல், அணி 10-6 என வென்றது. மார்ச்சில் ஆட்டவாவுக்கு எதிராக 6, வெற்றி 10-4. நான்கு வெற்றிகளில் இரண்டு இப்படி வந்தவை.

அணி அடுத்த சீசனில் ஹாமில்டனுக்கு மாறியது. அங்கே இரண்டு சீசன், பிறகு மறுபடி மான்ட்ரியால், 1924ல் ஓய்வு. மொத்தம் 126 ஆட்டங்களில் 143 கோல். ஒரே சீசனில் அவர் அடித்த 44ஐ மான்ட்ரியாலின் மாரிஸ் ரிச்சர்ட் 1944-45ல் 50 ஆட்டங்களில் 50 அடித்துத் தாண்டினார். ஒரே ஆட்டத்தில் 7 கோல் என்ற சாதனையை என்.ஹெச்.எல்.லில் இன்னும் யாரும் எட்டவில்லை.