மார்கழியில் வந்த கடிதங்கள்

இந்த மாதக் கேள்வி பதிலுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் பற்றியவைதான். வாழ்த்துச் சொல்லி வந்தவை கொஞ்சம். பண்டிகை நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியவர்கள்தான் அதிகம். அதனால் சமையல் கேள்விகளையும் சொத்துக் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இவற்றை எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஆவணியில் என் கணவர் தவறிவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்கிறார் மாமியார். எனக்கும் கொண்டாடுகிற மனசு இல்லை. ஆனால் எட்டு வயது மகள், “நம்ம வீட்ல கரும்பு வாங்க மாட்டோமாம்மா?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது? – வாசகி, மன்னார்குடி

பதில்: வாங்கிக் கொடுங்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் பறிகொடுத்தது மகனை. வாசலில் பெரிய கோலம் வேண்டாம், புதுப்பானை வேண்டாம், சூரியனுக்குப் படைக்கவும் வேண்டாம். துக்க வருஷத்தில் பண்டிகை இல்லை என்று பெரியவர்கள் வைத்ததில் ஒரு பெரிய கருணை இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் அழுது முடிக்காத ஒருத்தியைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று சிரி என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாதபடி அது காப்பாற்றுகிறது. ஆனால் அதே வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு, அது இப்போது பல ஊர்களில் மறந்தே போய்விட்டது. துக்க வீட்டில் பொங்கல் வைக்க மாட்டார்கள், சரி, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பொங்கல் சாப்பிடாமல் இருக்கவும் விடமாட்டார்கள். பங்காளிகளுக்கும் தீட்டு என்பதால் அக்கம்பக்கத்தார்தான் கொண்டு வருவார்கள்.

என் அப்பா கார்த்திகையில் இறந்தார், எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பொங்கல் வந்துவிட்டது. எங்கள் அடுப்பு அன்று பதினோரு மணி வரை பற்ற வைக்காமலே கிடந்தது. எதிர் வீட்டு அத்தை (சொந்தம் இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தைதான்) தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும், இன்னொன்றில் பறங்கிக்காய்க் குழம்பும் கொண்டு வந்து, எங்கள் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து, இலை போட்டு, எங்களோடு தானும் சாப்பிட்டார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் குழம்பின் மணம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் யாராவது கொண்டு வந்தால் மறுக்காதீர்கள். வராவிட்டால் நெருங்கிய தோழி ஒருத்தியிடம் வாய்விட்டுக் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. எட்டு வயதில் முன்பல் விழுந்து இப்போதுதான் முளைத்து வந்திருக்கும், அந்தப் பல்லால் செங்கரும்பின் தோலை உரிக்க முடியாது. போன வருஷம் அவளுக்கு யார் உரித்துக் கொடுத்தார்கள்? அப்பாதானே? அவள் கேட்பது கரும்பை மட்டும்தானா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு கணு வெட்டி, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, நீங்களே உரித்துக் கொடுங்கள். அப்பா எப்படி உரிப்பார் என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள். பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மகன் சின்ன வயதில் கரும்பு தின்ற கதை அவரிடம் நிறைய இருக்கும்.

கேள்வி: மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. மார்கழி பீடை மாதம், பேச்சைக்கூட எடுக்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா? – வாசகர், அரியலூர்

பதில்: பீடை மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கோயில் நடையைத் திறப்பார்களா? திருப்பாவை பாடுவார்களா? கல்யாணத்தைத் தள்ளி வைப்பதற்கு என் பாட்டி சொன்ன காரணம் வேறு. சம்பா வயலில் நிற்கும், அறுப்பு தையில்தான், மார்கழியில் குதிரின் அடி தெரியும், கையில் காசு இல்லாத மாதத்தில் எவன் பந்தல் போடுவான் என்பார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பேசி வையுங்கள், தையில் தட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். சுனாமியில் அம்மாவும் தங்கையும் போனார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்து நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். 2006-ல் பிறந்த மகன், “லீவு நாள்ல வருஷா வருஷம் ஏம்ப்பா அழறீங்க, எங்கயாவது போலாமே” என்கிறான். கோபம் கோபமாக வருகிறது. – வாசகர்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. அவன் கேட்பதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணி நிறைய வெளியூர் ஜனங்கள். நம் நேரப்படி காலை சுமார் 6.30 மணிக்கு சுமத்ரா பக்கத்தில் கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வரும்போது 9 மணி ஆகிவிட்டது. நடுவில் இருந்தது இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. சுனாமி என்ற சொல்லே அன்று மத்தியானத்துக்கு மேல்தான் நம்மில் பெரும்பாலோர் காதில் விழுந்தது. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். தமிழ்நாட்டில் போன சுமார் 8000 உயிரில் 6000-க்கு மேல் உங்கள் மாவட்டத்தில் மட்டும். இலங்கையில் 30,000-க்கு மேல். இந்தக் கணக்கையெல்லாம் உங்கள் மகன் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருப்பான். அவனுக்கு அது பாடம், உங்களுக்கு அது அம்மா. அங்கேதான் இரண்டு பேருக்கும் இடிக்கிறது.

அவன் பார்க்காத பாட்டி, அவன் பார்க்காத அத்தை. அந்த இரண்டு பேரும் எப்படிச் செத்தார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எப்படி இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா? அம்மா மீன் குழம்பில் என்ன போடுவார், தங்கை எதற்கெல்லாம் சண்டை போடுவாள், கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் எல்லோரும் எங்கே சுற்றினீர்கள்? இருபது வருஷமாக அந்தக் காலை 9 மணியே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. அதை விழுங்க விடாதீர்கள்.

இந்த வருஷம் பால் ஊற்றப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொம்பை அவன் கையில் கொடுங்கள். திரும்பி வந்து படுக்காமல் அம்மா வைக்கிற குழம்பை நீங்களே வையுங்கள், சரியாக வராது, பரவாயில்லை. சாயங்காலம் அவன் எங்கே போகலாம் என்கிறானோ அங்கே போய்விட்டு வாருங்கள். அன்றைக்குச் சிரித்தால் அவர்களை மறந்ததாக ஆகிவிடும் என்ற பயம்தான் உங்களைப் படுக்க வைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஆகாது ஐயா. தங்கை உயிரோடு இருந்தால் அண்ணன் மகனோடு ஊர் சுற்ற முதல் ஆளாகச் செருப்பை மாட்டியிருப்பாள்.

கேள்வி: அரையாண்டு லீவே கொஞ்ச நாள்தான், அதிலும் வீட்டுப்பாடம் தந்துவிட்டார்கள். – 9-ஆம் வகுப்பு மாணவி, தருமபுரி

பதில்: அநியாயம்தான் கண்ணு. முதல் மூன்று நாள் புத்தகத்தைத் தொடாதே. நாலாவது நாள் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடு. உங்கள் ஊர்ப் பனியில் ஒரு நாளாவது சீக்கிரம் எழுந்து வெளியே போய்ப் பார், பூசணிப்பூ வைத்த சாண உருண்டை எத்தனை வாசலில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வா.

கேள்வி: பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வரும். இந்த வருஷம் அந்த வீட்டு அம்மா இறந்துவிட்டார், ஸ்டார்கூடக் கட்டவில்லை. நாங்கள் ஏதாவது செய்து கொண்டு போனால் தப்பாக நினைப்பார்களா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: நினைக்க மாட்டார்கள், போங்கள். ராத்திரி பூசைக்கோ விடியற்காலை ஆராதனைக்கோ போய்விட்டு வருவார்கள், அந்தப் பாட்டையெல்லாம் அந்த அம்மா இல்லாமல் கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது அடுப்படிக்குப் போகக் கால் வராது. இட்லியும் சாம்பாரும் சூடாகக் கொண்டு போய்க் கொடுங்கள். முந்திரிக்கொத்து மட்டும் இந்த வருஷம் வேண்டாம். பயறு வறுத்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மூன்று மூன்றாக மாவில் தோய்த்துப் போடுகிற அந்தப் பலகாரம் அந்த வீட்டில் இப்போதைக்கு அவர் கை. அடுத்த வருஷம் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து சேர்ந்தே செய்யுங்கள்.

கேள்வி: கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமாகி 14 வருஷத்தில் பொங்கலன்று அவர் வீட்டில் இருந்தது இரண்டே தடவை. ஊர் ஜனத்தையெல்லாம் வீட்டில் கொண்டு சேர்க்கிறார், நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. – வாசகி, விழுப்புரம்

பதில்: முன்பு கோயம்பேடு, 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கம். நிலையம் மாறினாலும் போகிப் பண்டிகை ராத்திரி அங்கே பையும் பிள்ளையுமாக நிற்கிற கூட்டம் மாறவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் பல தடவை நின்றிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு ஒரு வீடு இருக்கும், அங்கே ஒருத்தி காத்திருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இத்தனைக்கும் என் அப்பா தபால்காரர். இதைப் படித்த பிறகு எனக்கே வருத்தமாக இருந்தது.

அப்போதெல்லாம் பொங்கல் என்றால் வாழ்த்து அட்டை. மாடு, பானை, சினிமா நடிகர் என்று மூட்டை மூட்டையாக வரும். போகிக்கு அப்பா வீடு திரும்ப ராத்திரி ஒன்பது, பத்து ஆகும், காக்கிச் சட்டை முழுக்க அட்டையிலிருந்து உதிர்ந்த ஜிகினா மின்னும். மறுநாள் காலையில் அசந்து தூங்குவார். தெருவெல்லாம் பொங்கி முடித்துவிடுவார்கள், அம்மா அவரை எழுப்பவே மாட்டார், அவர் தானாக எழுந்து குளித்துவிட்டு வந்த பிறகுதான் எங்கள் பானை அடுப்பில் ஏறும். எங்களுக்குப் பசி பிடுங்கும். ஆனாலும் அந்தப் பொங்கலைப் போல ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

நீங்களும் அவர் வருகிற நாளில் பானையை ஏற்றுங்கள், அது தை 4 ஆனாலும் 5 ஆனாலும். கரும்பில் ஒன்றை மட்டும் வெட்டாமல் சுவரில் சாத்தி வையுங்கள்.

கேள்வி: வயது 71, தனியாக இருக்கிறேன். டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்கு ஊரே வெடி வெடித்துக் கத்தும்போது மனசு என்னவோ செய்கிறது. – வாசகர், ஈரோடு

பதில்: அந்த 12 மணியை இளவட்டங்களுக்கே கொடுத்துவிடுங்கள். சத்தத்தில் முழிப்பு வந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுங்கள். ஐந்து மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். தொன்னையில் வெண்பொங்கல் கொடுப்பார்கள், கை சுடச் சுட வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வரிசையில் முன்னால் நின்றவரிடம் ஊர் எது, பேர் எது என்று கேளுங்கள். மார்கழி முழுக்க அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்களாகத்தான் இருப்பார்கள், மறுநாள் நீங்கள் வராவிட்டால் எங்கே காணோம் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் முகவரி இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் ஒரு வாழ்த்து அட்டை போடுகிறேன், ஜிகினா ஒட்டியது கடையில் கிடைத்தால் அதையே வாங்குகிறேன். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள் ஐயா.