கிளினிக் வைக்காத டாக்டரா?

கேள்வி: எம்.டி. முடித்த மகள், கிளினிக் வேண்டாம், மருத்துவ அறவியலும் மருத்துவக் கல்வியும்தான் தன் வழி என்கிறாள். பிழைப்பு ஓடுமா? - ஒரு தகப்பன், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: ஓடும் சார், ஆனால் அந்தப் பெயரில் தனி வேலை நம்மூரில் அபூர்வம், படித்த துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவிலும் நெறிமுறைக் குழுவிலும் மெல்ல நுழைவதுதான் நடைமுறை. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் சம்மதம் வாங்குவது, இனி தேறாது என்பதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்வது எல்லாவற்றையும் 'ஏட்காம்' (AETCOM: மனப்பான்மை, அறவியல், தகவல் தொடர்பு) என்று பாடமாகவே வைத்துவிட்டதால் சொல்லித்தர ஆள் வேண்டும், அதுவும் கடலூர் நோயாளிக்குப் புரிகிற தமிழில். கிளினிக் வருமானம் வராது, சரிதான். நோயாளி பார்ப்பதை மட்டும் அடியோடு விட வேண்டாம் என்று சொல்லுங்கள், வார்டு பக்கமே போகாதவர் பேச்சை மாணவர்கள் மதிப்பதில்லை. அப்புறம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் ஃபைமர் (FAIMER) ஃபெலோஷிப் என்று மருத்துவ ஆசிரியர்களுக்கான மருத்துவக் கல்விப் பயிற்சி இருக்கிறது, வேலையில் இருந்தபடியே படிக்கலாம்.