பரணில் கிடந்த ராணுவ வார்கள்: முழு செட்டாகச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீடு கடலூர் முதுநகரில், கடலுக்கு அருகே. தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். அவருடைய தம்பி புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்). பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு காக்கி பெல்ட், ஒரே ஒரு பவுச், தோளில் போடும் வார் ஒன்று, பட்டை இல்லாத முதுகுப் பை, துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் ஆகியவை கிடைத்தன. பாட்டிலுக்கு இரண்டு வாய் இருக்கிறது. பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு, துணியில் பூஞ்சணம். சோப்புப் போட்டு அலசலாமா? விட்டுப்போன பொருள்களை வாங்கி, முழு செட்டாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அலசாதீர்கள். மற்ற எதையும் ஆறப்போடலாம், இதை மட்டும் இன்றே மனத்தில் வையுங்கள். அந்தக் கால வீரர்கள் வார்களுக்கு பிளாங்கோ என்ற வண்ணக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பிரஷ்ஷால் பூசினார்கள். அது தண்ணீரில் கரைந்து போகும். உட்புறத்தில் மையால் குத்திய முத்திரைகளும் ஒரே அலசலில் மங்கிவிடும். உங்கள் செட்டை அடையாளம் காட்டப்போவதே அந்த முத்திரைகள்தான்.

அடுத்து, பெட்டியில் இருப்பது ஒரு செட் இல்லை. குறைந்தது இரண்டு பேருடைய பொருள்கள் கலந்திருக்கின்றன. இரண்டு வாய் உள்ள பாட்டில் பிரெஞ்சு ராணுவத்துடையது. பெரிய வாய் நிரப்ப, சிறிய வாய் குடிக்க. அதைத் தனி வாரில் தோளில் குறுக்காகத் தொங்கவிடுவார்கள். பிரிட்டிஷ் பாட்டிலுக்கு ஒரே வாய்தான், தக்கை மூடி, எனாமல் பூச்சு. ஆகவே இந்தப் பாட்டில் சின்னத் தாத்தாவுடையது என்று வைத்துக்கொண்டு தனியே எடுத்துவையுங்கள். தாத்தாவின் பெல்ட்டில் மாட்டப் பார்க்காதீர்கள்.

பெல்ட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 3 அங்குலம் (76 மி.மீ.) என்றால் முதல் உலகப் போர்க்காலத்து 1908 பேட்டர்ன் (அந்த ஆண்டின் பெயரால் வழங்கும் வார் வடிவமைப்பு). 2¼ அங்குலம் (57 மி.மீ.) அகலமும், பின்பக்கம் சாய்வாகத் தைத்த இரண்டு சிறிய பக்கிள்களும் இருந்தால் 1937 பேட்டர்ன். உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். விடுதலைக்குப் பிறகும் இந்திய ராணுவத்தில் நெடுங்காலம் அதுவே புழக்கத்தில் இருந்தது. அதனால் 1937 பேட்டர்ன் என்பதை வைத்து மட்டும் தாத்தா காலத்துப் பொருள் என்று முடிவுகட்ட முடியாது. ஆண்டைச் சொல்வது முத்திரைதான்.

முத்திரையைப் பார்க்க பெல்ட்டின் உட்புறம், பவுச் மூடியின் அடிப்பக்கம், பை மூடியின் உட்புறம் ஆகிய இடங்களில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து கைப்பேசிப் படத்தில் தெரிவதுண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அரசு ஏற்றுக்கொண்ட பொருள். அம்போடு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியத் தயாரிப்பு. ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு ‘டி’க்கு நடுவே அம்பு நின்றால் ஆஸ்திரேலியா. பக்கத்திலேயே தயாரித்தவரின் சுருக்கெழுத்தும் ஆண்டும் இருக்கும். ‘எம்.இ.கோ.’ என்றிருந்தால் இந்த வடிவத்தை உருவாக்கிய மில்ஸ் நிறுவனம்.

பாகம் தேடுவதற்கு முன்னால் சுத்தம் செய்துவிடுங்கள். ஈரமும் பூஞ்சணமும் நாளுக்கு நாள் நூலைத் தின்றுகொண்டிருக்கின்றன. முதலில் மின்விசிறிக் காற்று படும் நிழலில், வெள்ளைப் பருத்தித் துணிமேல் 3 நாள் பரப்பி வையுங்கள். வெயில் வேண்டாம், நிறம் போய்விடும். பூஞ்சணம் காய்ந்து பொடியான பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து, முகக்கவசம் அணிந்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் நெசவின் போக்கிலேயே தட்டுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம்.

பித்தளை என்றதும் நம் வீடுகளில் கை தானாகப் புளிக்கும் எலுமிச்சைக்கும் போகும். குத்துவிளக்குக்கு அது சரி, இதற்கு ஆகாது. அமிலம் பக்கிளோடு நிற்காமல் பக்கத்து நூலில் ஊறி, சில ஆண்டுகளில் அந்த இடத்தை இற்றுப்போக வைக்கும். கடையில் விற்கும் பாலிஷ் திரவமும் வேண்டாம். அது துணியில் படிந்தால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். பக்கிளுக்கும் துணிக்கும் நடுவே பாலிதீன் தாளைச் செருகிக்கொண்டு, மூங்கில் குச்சியின் முனையால் களிம்பைச் சுரண்டுங்கள். மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பித்தளை பழுப்பாக இருந்தால் இருக்கட்டும், பச்சை மட்டும் போனால் போதும். உப்புக்காற்று படும் ஊர் என்பதால் கடைசியாக மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை உலோகத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசி, பஞ்சுத்துணியால் தேயுங்கள்.

பிரெஞ்சு பாட்டிலின் மேலுறை கம்பளியாக இருந்தால் அந்துப்பூச்சி அரித்த தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுவதும் அறைச்சூட்டில் இருக்கட்டும். முன்பே திறந்தால் குளிர்ந்த இரும்பில் நீர் கோத்துத் துருப்பிடிக்கும். கழற்றித் துவைக்க நினைத்து உறையின் தையலைப் பிரிக்க வேண்டாம்.

இனிச் செட் சேர்ப்பது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, பிறகுதான் எது யாருடையது என்று யோசிக்கிறார்கள். உங்களிடம் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்தப் போர்முனை, எந்த ஆண்டு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பதக்கம் இருந்தால் விளிம்பிலும் பின்புறத்திலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கிறதா பாருங்கள். எண் கிடைத்தால் அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. சின்னத் தாத்தாவின் பிரெஞ்சுப் பணி ஆவணத்துக்கு பிரான்சில் போ நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம். முனை தெரிந்தால் நிறமும் தெரிந்துவிடும். வட ஆப்பிரிக்கா என்றால் வெளுத்த மணல் நிறம் பொருந்தும். பர்மாவில் பிற்பகுதி என்றால் காட்டுப் பச்சை. இரண்டையும் ஒரே உடம்பில் கலந்தால், விவரம் தெரிந்தவர் பார்த்த நொடியில் சொல்லிவிடுவார்.

1937 பேட்டர்னில் ஒரு காலாட்படை வீரருக்கு வேண்டியவை: பெல்ட் 1, தோள்வார் 2, பேசிக் பவுச் 2, பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறையைத் தாங்கும் ஃப்ராக் 1, தண்ணீர் பாட்டிலும் அதைத் தாங்கும் கூடும், ஹாவர்சாக் என்ற சிறு பை 1, அதற்கு இடம் வலமாக எல்-ஸ்ட்ராப் 2. பெரிய பை, அதன் தாங்குவார்கள், மண்வெட்டி, கணுக்கால் பட்டை ஆகியவை அடுத்த கட்டம். நீங்கள் தேட வேண்டியவை பவுச் ஒன்று, தோள்வார் ஒன்று, எல்-ஸ்ட்ராப் ஒரு ஜோடி, ஃப்ராக், ஒற்றை வாய்ப் பாட்டில், அதன் கூடு. முதல் காசை எல்-ஸ்ட்ராப்புக்குச் செலவிடுங்கள். பையிலிருந்து கழன்று தனியே தொலையும் பொருள் என்பதால் ஜோடியாகக் கிடைப்பது அரிது. பெல்ட்டும் பவுச்சும் எப்போதும் கிடைக்கும்.

தோள்வார் வாங்கும்போது கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். ஆரம்பகால ஜோடியில் ஒரு வாரின் நடுவில் மட்டும் வளையம் இருக்கும், மற்றது அதன் வழியாக நுழைந்து முதுகில் குறுக்கே போகும். உங்களுடையதில் வளையம் இருந்தால் வளையம் இல்லாததையே வாங்க வேண்டும். பவுச்சில் மார்க் எண்ணை (வடிவம் எத்தனையாவது திருத்தம் என்பதை)ப் பாருங்கள், உயரமும் மூடும் விதமும் மார்க்குக்கு மார்க் மாறுகின்றன. ஒன்று அழுத்துப் பொத்தான், மற்றது செருகு பட்டை என்றால் அது ஜோடி ஆகாது. ஆண்டு ஒன்றிரண்டு முன்பின் இருப்பதில் தவறில்லை, ராணுவக் கிடங்கில் கொடுத்ததே அப்படித்தான்.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பழம்பொருள் கடைகள், இரண்டு ஊர்களிலும் உள்ள காயலான் கடைகள் எல்லாவற்றிலும் பாருங்கள். ஆனால் நகல்களும் நம் நாட்டிலேயே தைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. காந்தம் ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு என்று தெரியும். ஆனால் போர்க்கால அசலிலும் இரும்புக் கொக்கிகள் உண்டு, அதனால் காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. தொங்கும் நூல்முனை ஒன்றைக் கடைக்காரர் சம்மதத்தோடு வெட்டி எரித்துப் பார்ப்பது மேல். பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். புறஊதா டார்ச் அடித்தால் புதுத் துணி நீலவெள்ளையாக ஒளிரும். யாராவது டிடர்ஜென்டில் துவைத்த அசலும் அப்படி ஒளிரும் என்பதால் நூல் சோதனையோடு சேர்த்தே முடிவெடுங்கள். தோள்வாரின் அகன்ற பகுதி 1 அங்குல முனையாகக் குறுகும் இடத்தில் மில்ஸ் தயாரிப்பு ஒரே நெசவாக இருக்கும். தையல் போட்டிருந்தால் உடனே நகல் என்று தள்ளிவிடாதீர்கள், போர்க்கால இந்தியத் தயாரிப்பிலும் தைத்தவை உண்டு. தேய்ந்த துணியில் முத்திரை மட்டும் புத்தம்புது மையாகப் பளிச்சென்று இருந்தால் வாங்காமல் நகருங்கள்.

பொருத்தும் வரிசை இது. பெல்ட்டின் முனைக் கொக்கிகளை உட்புறச் சந்துகளில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறையுங்கள். பின் பக்கிள்கள் இரண்டும் முதுகெலும்பின் இருபுறமும் சமதூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் மேலே வருகிற எல்லாமே கோணும். ஃப்ராக்கை இடதுபுறம் கோத்துவிடுங்கள். பவுச்களை முன்னால் இருபுறமும் மாட்டுங்கள். தோள்வார்களைப் பின் பக்கிள்களில் நுழைத்து, முதுகில் குறுக்காக்கி, தோளைத் தாண்டிப் பவுச்சின் மேல் பக்கிளில் செருகுங்கள். மிஞ்சிய முனைகளை வெட்டவோ மடித்துத் தைக்கவோ கூடாது. முன்னும் பின்னும் பெல்ட்டுக்குக் கீழே தொங்கும் அந்த முனைகளில்தான் பாட்டில் கூடு மாட்டும். எல்-ஸ்ட்ராப்பின் கொக்கி பவுச்சின் மேல் பக்கிளில் மாட்டும், அதன் ஒல்லியான முனை கக்கத்துக்கு அடியில் சென்று பையின் அடிப் பக்கிளில் சேரும். பை தொய்ந்து இடுப்பில் உட்கார்ந்தால் இடது வலது ஸ்ட்ராப் மாறிவிட்டது என்று அர்த்தம்.

பவுச் சப்பையாகத் தெரியாமல் இருக்க மேகசீன் (தோட்டா அடுக்கும் பெட்டி) வடிவத்தில் வெட்டிய பாலிஎத்திலீன் நுரைக்கட்டி வையுங்கள். உண்மையான மேகசீன் துப்பாக்கியின் பாகமாகக் கணக்கிடப்படும், வாங்காதீர்கள். பயனெட்டும் ஆயுதச் சட்ட விதிகளில் வாள், குத்துவாளோடு சேர்த்து வகைப்படுத்தப்பட்டது. காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டுத் தெளியும்வரை ஃப்ராக்கில் மரத்தால் செய்த மாதிரி உறையே இருக்கட்டும். பைக்குள்ளோ பவுச்சுக்குள்ளோ தோட்டா ஒன்று தட்டுப்பட்டால் தொட்டுப் பார்க்காமல் காவல் துறைக்குச் சொல்லுங்கள். பிரான்சிலுள்ள உறவினருக்கு ஏதாவது அனுப்ப நினைத்தால் வயதைப் பாருங்கள். 100 ஆண்டு தாண்டிய கலை, வரலாற்றுப் பொருள்கள் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பெல்ட் 1908 பேட்டர்னாக இருந்தால் இந்தக் கேள்வி நிச்சயம் எழும்.

கண்ணாடிப் பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் வைக்க வேண்டாம், வெயிலும் படக்கூடாது. புது பிளைவுட்டிலிருந்து கசியும் ஆவி பித்தளையைக் கறுக்கச் செய்யும், உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் பாரமெல்லாம் ஒரே தையலில் விழும். பஞ்சு அடைத்த துணி உடம்பு ஒன்று தைத்து அதன்மேல் அணிவியுங்கள், பக்கிள்களை இறுக்காதீர்கள். பிரெஞ்சு பாட்டிலைப் பக்கத்தில் தனித் தட்டில், சின்னத் தாத்தாவின் படத்தோடு வைக்கலாம்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோர வீடுகள் அதைச் சுலபமாகத் தாண்டும். 2 அடிக்கு 2 அடி, 1 அடி ஆழமுள்ள பெட்டிக்கு சுமார் 2 கிலோ சிலிகா ஜெல் வேண்டும். அதைத் துணிப்பையில் போட்டு அடித்தட்டில் மறைத்து வையுங்கள். நீல நிறத்தில் கோபால்ட் நஞ்சு உண்டு, ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். உள்ளே ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வைத்து 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் ஒரு பையை எடுத்துவிடுங்கள். மணிகள் நிறம் மாறியதும் மின் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்து உலர்த்தி, ஆறியதும் திரும்பப் போடலாம்.