சர்க்கரையும் கண்ணும்: வட ஆற்காட்டு வாசகர்கள் கேட்டவை

பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

குடியாத்தம் வாசகி: என் கணவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். அவருக்கு எதற்குக் கண் பரிசோதனை?

அம்மா, அந்தப் பேப்பர்தான் எனக்குக் கவலை தருகிறது. கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்தால், வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோகிறார்கள். கண்புரை வளரும்போதும் கிட்டத்தில் உள்ள எழுத்து இப்படித் தெளிவாகத் தெரிவது உண்டு. சர்க்கரை ஏறினாலும் உண்டு. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கண்ணின் பின்புறத் திரையான விழித்திரைக்குச் சர்க்கரையால் வரும் பாதிப்பு வலிக்காது, சிவக்காது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் வீங்கிக் கசியத் தொடங்கிய பிறகும் பல காலம் பார்வை குறையாது. பார்வை மங்கித்தான் ஒருவர் வருகிறார் என்றால், பெரும்பாலும் நோய் பாதி வழி வந்துவிட்டது. நம் ஊரில் அதிகமாக உள்ள இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், கண்டுபிடித்த உடனே ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் ஒருமுறையும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

காட்பாடி வாசகர்: கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். அது போதாதா?

போதாது. அந்தக் கருவி சொல்வது கண்ணாடியின் பவரை மட்டும். விழித்திரையை முழுதாகப் பார்க்க, சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிக்க வேண்டும். விரிய அரை மணி நேரம் ஆகலாம். பிறகு நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். வேலூர் வெயிலில் அந்தக் கண்ணோடு இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம், ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை ஊழியர்: மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றிவிட்டேன். இரண்டும் சரியில்லை.

கண்ணாடிக்காரரைத் திட்டாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து வடிவம் மாறுகிறது. பவரும் கூடவே மாறும். மருந்தால் சர்க்கரை நிலைப்பட்டு சில வாரங்கள் போகட்டும், பிறகு கண்ணாடிக்குப் பணம் செலவழியுங்கள்.

ஆரணி, பட்டு நெசவாளர்: தறியில் உட்கார்ந்தால் பாவு இழைகள் நடுவில் வளைந்து தெரிந்தன. விழித்திரையில் நீர்க்கட்டு என்று சொல்லிக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஓர் ஊசியிலேயே தேவலை. மறுபடியும் போக வேண்டுமா? பயமாக இருக்கிறது.

ஐயா, நேர் இழை வளைந்து தெரிந்ததும் போனீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கூர்மையான பார்வைக்கு உரிய நடுப்பகுதியில், சுவரில் ஈரம் ஊறுவதுபோல் நீர் கோத்திருக்கிறது. அந்த ஊசி மருந்து கசிவை அடக்குகிறது. ஆனால் சில வாரங்களில் அதன் வேகம் குறைந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாகச் சில ஊசிகள், பிறகு விழித்திரை வீக்கத்தைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனைப் பார்த்து இடைவெளி. பாதியில் நிறுத்தியவர்களுக்கு வீக்கம் திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசியில் நொடிகளில் முடிக்கிறார்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பாவு இழைகளைப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. இதைவிட நல்ல வீட்டுச் சோதனை எனக்குத் தெரியாது.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, பார்வை இறக்கம் வந்தால் மட்டும் அன்றே ஓடுங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம்.

வாலாஜா வாசகி: பொன்னாங்கண்ணிச் சாறு கண்ணில் விடலாமா?

கூடாது. பொரியல் செய்து சாப்பிடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: அப்பாவுக்கு நேற்று முதல் ஒரு கண்ணில் ஒட்டடைபோல் கறுப்பு மிதக்கிறது. லேசர் செய்தால் பார்வை திரும்புமா?

தம்பி, முதலில் இன்றே புறப்படுங்கள். புதிதாக முளைத்த வலுவற்ற ரத்தக் குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்; விழித்திரை விலகலாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை தலையை உயர்த்திப் படுக்கட்டும், பாரம் தூக்க வேண்டாம். ரத்தம் கசிகிறதே என்று, அவர் சாப்பிடும் இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லேசரைப் பற்றி ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அது போன பார்வையைத் தருவதற்காக அல்ல, இருக்கும் பார்வையைக் காப்பதற்காக. இருட்டில் பார்வை கொஞ்சம் குறையவும் கூடும். இதைச் சொல்லாமல் விட்டால், பிறகு குடும்பத்தார் லேசரைத்தான் குற்றம் சொல்வார்கள். ரத்தம் தானாகக் கரையாவிட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.

வேலூர் சத்துவாச்சாரி வாசகி: எனக்குச் சர்க்கரை உண்டு. இப்போது இரண்டு மாதக் கர்ப்பம்.

முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமாகக் கூடுவது உண்டு. கர்ப்பத்தில் மட்டும் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பொதுவாக இந்தப் பரிசோதனை தேவைப்படாது.

திருப்பத்தூர் வாசகர்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இனி கண்ணுக்குக் கவலை இல்லைதானே?

நல்ல செய்திதான். ஆனால் ரத்த அழுத்தம் எவ்வளவு? சிறுநீரில் புரதம் போகிறதா? கொழுப்பு? சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவரின் விழித்திரையும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், தொடக்கத்தில் விழித்திரை கொஞ்சம் மோசமாவதும் உண்டு. அதற்காகக் கட்டுப்பாட்டை விடக் கூடாது. அந்த மாதங்களில் கண்ணை அடிக்கடி காட்ட வேண்டும். ஆண்டுப் பரிசோதனை எப்போதும்போல் தொடரட்டும்.